பிரம்மசக்தி வாங்கிய அல்வா

பாஸ்வேர்டை மறந்துவிட்டு என் கடைப் படியேறுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எஸ்தரக்கா, எங்கம்மா பேரும் நான் பொறந்த வருசமும்னு நெனக்கேன், செத்த போட்டுப் பாருங்களேன்" என்பார்கள். போட்டால் தப்பு. அப்பா பெயரைப் போட்டால் அதுவும் தப்பு. மூன்றாவது தடவை பூட்டிக்கொள்ளும். "வேலை கெடச்சா சம்பளத் தேதிய மறப்பியளா? இத மட்டும் மறந்துருவியளோ?" என்று கத்துவேன். கத்திவிட்டு நானே உட்கார்ந்து மீட்டுக் கொடுப்பேன். கத்தாமல் செய்து கொடுத்தால் அடுத்த மாதமும் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள்.

பாளையங்கோட்டையில் நூலகத்துக்குப் பின்பக்கத்துச் சந்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஸ்கேன், லேமினேஷன் எல்லாம் உண்டு. ஆனாலும் என் வீட்டில் உலை கொதிப்பது அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களால்தான். குரூப் ஃபோர் அறிவிப்பு வந்துவிட்டால் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. அறிவிப்பு இல்லாத காலத்தில் நானும் ஜெராக்ஸ் மிஷினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்தக் கூட்டத்தில் ஒரு தடவைகூடப் பாஸ்வேர்டை மறக்காத ஒரே ஆள் பிரம்மசக்தி. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டு, "திறந்துட்டா?" என்பாள். திறந்திருக்கும். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பிரவுசிங் சென்டர் வைத்துப் பார்த்தால் தெரியும்.

முதன்முதலில் மகளை ஒரு கையிலும் குடையை மறுகையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள். கொக்கிரகுளத்தில் வீடு. வீட்டுக்காரர் கொம்பையா குட்டியானை ஓட்டுகிறவர், சிமெண்டு, வாழைத்தார், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தாள் சக்தி. ஆள் நெடுநெடுவென்று இருப்பாள், சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். நூலக வளாகத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் கூட்டத்தோடு ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில்தான் ஜெபசிங்கும் இருந்தான். எனக்குத் தூரத்துச் சொந்தம், என்ஜினியரிங் முடித்துவிட்டுக் குரூப் ஃபோருக்குப் படித்துக்கொண்டிருந்தான், வாய் மட்டும் எட்டு ஊருக்கு நீளம்.

அவளுடைய முதல் குரூப் ஃபோர் முடிவு வந்த மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எண்ணைத் தட்டினேன். இல்லை. திரையை அவள் பக்கம் திருப்பாமல், "சர்வர் சொணங்குதுட்டி" என்று பொய் சொன்னேன்.

"சர்வர் நல்லாத்தான் இருக்குக்கா. என் நம்பர்தான் இல்ல. ஒங்க மூஞ்சிலயே தெரியுதுல்லா" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். எங்கேயோ போய் அழப்போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தாள். நெல்லை டவுனுக்குப் போயிருந்திருக்கிறாள். கையில் சூடு ஆறாத அல்வாப் பொட்டலம், நெய் ஊறிக் காகிதம் கண்ணாடியாகியிருந்தது. ஒரு சின்னப் பொட்டலம் மிக்சரும் இருந்தது. ஜெபசிங்கையும் மற்றவர்களையும் பெஞ்சிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னட்டி இது?"

"கவர்மெண்ட்டு எனக்கு அல்வா குடுத்துட்டுல்லா. அத ஒத்தையில எப்படித் திங்க? எல்லாரும் கைய நீட்டுங்க."

ஏமாற்றுகிறவனை அல்வா கொடுத்துவிட்டான் என்று நாடெல்லாம் சொல்லும். எங்கள் ஊரை வம்புக்கு இழுக்கிற பேச்சுத்தான், நாங்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அந்தப் பேச்சை நெய்யோடு பொட்டலம் கட்டி வாங்கிவந்து வைத்தவள் இவள் ஒருத்திதான். எல்லோரும் தின்றோம். அப்புறந்தான் அதிலிருந்த சூட்சுமம் எனக்கு விளங்கியது. சூடான அல்வா வாய்க்குள் இருக்கும்போது யாராலும் புத்திமதி சொல்ல முடியாது. "இன்னுங் கொஞ்சம் ஒழைச்சிருக்கலாம்", "எங்க சித்தப்பா மவ மொதத் தடவையிலேயே பாஸாயிட்டா" என்கிற சங்கதியெல்லாம் தொண்டையோடு இறங்கிப்போகும். விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் பெஞ்சில் அது வழக்கமாகிவிட்டது. யாருக்குக் கிடைக்கவில்லையோ அவர்கள் அல்வா வாங்க வேண்டும். தேறியவர்கள் புரோட்டா வாங்க வேண்டும். புரோட்டா எப்போதாவதுதான் கிடைக்கும். அல்வாவுக்குப் பஞ்சமில்லை.

பங்கு போட்டபின் ஒரு துண்டைத் தனியாக மடித்துப் பைக்குள் வைப்பாள் சக்தி. வீட்டுக்காரருக்கு. "தின்னாரா?" என்று மறுநாள் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.

"அல்வான்னா அவியளுக்கு உசுரு. நான் கொண்டு போறத மட்டும் தொடமாட்டாவ. பிள்ளைட்ட குடுத்துருவாவ."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. என்னன்னு கேட்டா சொல்லவும் மாட்டாவ."

குரூப் ஃபோர் மட்டும் என்றில்லை, கண்ணில் பட்ட அறிவிப்புக்கெல்லாம் போட்டாள். ரேஷன் கடை விற்பனையாளர் வேலைக்கு நேர்காணல் என்றார்கள். பாமாயிலில் ஆரம்பித்துப் பச்சரிசி வரை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். பெயரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், போய் வாருங்கள் என்றுவிட்டார்கள். "பாமாயிலப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியேக்கா" என்று அவளுக்கு அதுதான் ஆற்றாமை.

கிராம உதவியாளர் வேலைக்குப் போட்டது பெரிய கூத்து. அதற்குச் சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். சக்திக்குச் சைக்கிள் தெரியாது. ஜெபசிங் மைதானத்தில் வைத்துப் பழக்கினான். முதல் நாள் விழுந்தாள், மறுநாள் ஒரு ஐஸ் வண்டியில் மோதினாள், அந்த வாரக் கடைசியில் ஓட்டியேவிட்டாள். தேர்வு நாளில் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சுற்று கம்பீரமாகச் சுற்றினாள். அப்புறம் இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. "போதும்மா, எறங்கும்மா" என்று அங்கிருந்தவர் கையைக் காட்டியிருக்கிறார். "ஓட்டத்தான் சார் பழகுனேன், எறங்கப் பழகல" என்று கத்திக்கொண்டே நான்காவது சுற்றுக்குப் போய்விட்டாள். கடைசியில் நான்குபேர் சேர்ந்து பிடித்து நிறுத்தினார்கள். வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. அன்றைக்கு அல்வா தின்னும்போது சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

இடையில் ஜெபசிங் தேறி வி.ஏ.ஓ. ஆனான். புரோட்டா வாங்கினான். எங்களில் யாருக்குக் கிடைத்தாலும் மற்றவர்களுக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கத்தான் செய்யும், இல்லை என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். சக்தி அன்று எல்லோரையும்விட ஒரு புரோட்டா கூடுதலாகத் தின்றாள். "ஏல ஜெபசிங்கு, நாளைக்கு எனக்கு வருமானச் சான்று வேணும்னா இழுத்தடிக்காம போட்டுருவியால?" என்று கேட்டாள். பிறகு கைகழுவப் போனவள் குழாயடியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். நான் பார்த்தேன், கேட்கவில்லை.

அடுத்த குரூப் ஃபோரில்தான் அந்தத் தப்பு நடந்தது. விடைத்தாளில் ஏ, பி, சி, டி என்று நான்கு வட்டம் இருக்கும். இப்போது ஐந்தாவதாக ஈ என்று ஒரு வட்டமும் உண்டு. அதற்கு அர்த்தம், விடை தெரியவில்லை. ஒரு கேள்வியைச் சும்மா விட்டுவிடக்கூடாது. தெரியவில்லை என்றால் ஈயைக் கறுப்பாக்க வேண்டும். வெறுமையாக விட்டால் இருக்கிற மதிப்பெண்ணிலும் பிடித்துக்கொள்வார்கள். பெஞ்சில் எல்லோரும் படித்துப் படித்துச் சொன்னதுதான். ஆனால் சக்திக்கு ஈயென்றாலே ஆகாது.

"தெரியலன்னு என் கையாலயே எழுதிக் குடுக்கணுமாக்கும்? இம்புட்டு வருசம் படிச்சது அதுக்கா?" என்பாள்.

தேர்வில் கணக்குக் கேள்விகள் சிலவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறாள். கடைசி மணி அடித்துவிட்டது. ஏதாவது ஒன்றைக் குத்துமதிப்பாகக் கறுப்பாக்கியிருக்கலாம், ஈயையாவது கறுப்பாக்கியிருக்கலாம். வெறுமையாகவே போய்விட்டது. பல மாதம் கழித்து முடிவு வந்தபோது மயிரிழையில் தவறியிருந்தாள். விட்டுவைத்த கேள்விகளுக்கு ஈயைத் தொட்டிருந்தாலே உள்ளே வந்திருப்பாள். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் அவளேதான்.

அன்று சாயங்காலம் அல்வா வரவில்லை. மறுநாளும் அவள் வரவில்லை. நாலு நாள் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டு, டவுனுக்குப் போய் நானே அல்வா வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டியில் கொக்கிரகுளம் போனேன். வாசலில் குட்டியானை நின்றது. அதன் பின்பக்கப் பலகையைத் திறந்துபோட்டு அதில் உட்கார்ந்திருந்தார் கொம்பையா. அதற்கு முன் அவரோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"வாங்கக்கா. உள்ள படுத்துருக்கா."

"சாப்பிட்டாளா?"

"சோறு பொங்கி, கொழம்பு வச்சி, பிள்ளைக்கு ஊட்டிட்டுப் படுத்துருக்கா. சண்ட போட்டாலாவது பரவால்ல. ஒண்ணுமே பேசமாட்டேங்கா."

என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, தப்பா நெனக்காதிய. எங்கண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காம்லா. ரெண்டு பேருக்கும் அங்க வேல இருக்கு வாங்க வாங்கன்னு ரெண்டு வருசமாக் கூப்புடுதான். நாந்தான் இவளுக்காண்டித் தள்ளிப் போட்டுக்கிட்டு வாரேன். படிக்காதன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் சிரிச்சிக்கிட்டே அந்த அல்வாவ என்கிட்ட நீட்டுவா பாருங்க, அத என்னாலத் தாங்க முடியல. அவ அழுதான்னா கூட நான் தின்னுருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாங்களெல்லாம் எத்தனை தடவை சிரித்துக்கொண்டே தின்றோம்! இந்த மனுஷன் ஒரு துண்டைக்கூட விழுங்க முடியாமல் இருந்திருக்கிறார்.

சக்தி வெளியே வந்தாள். கண் வீங்கிப்போயிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவ."

கொம்பையா பலகையிலிருந்து இறங்கி அதைத் தூக்கிப் பூட்டினார். பிறகு, "சரி, இதான் கடைசி. இதுலயும் இல்லன்னா பிள்ளைக்கு டி.சி. வாங்கிட்டுத் திருப்பூர் பஸ் ஏறிரணும். அதுக்குப் பொறவு பொஸ்தகத்தத் தொடப்புடாது. ஒத்துக்கிடுதியா?" என்றார்.

"ஒத்துக்கிடுதேன்."

நான் கொண்டுபோன அல்வாவை அந்தக் குழந்தை மட்டும் தின்றது.

அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போட வந்தாள். அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினாள். வெளியில் பார்த்தால் பழைய சக்திதான், ஆனால் ஒன்று மாறியிருந்தது. ஈயோடு சமாதானமாகிவிட்டாள். எதைக் கேட்டாலும் ஈ என்று பதில் சொல்ல ஆரம்பித்தாள். பெஞ்சில் எல்லோருக்கும் அது தொற்றிக்கொண்டது. "அறிவிப்பு அடுத்து எப்பக்கா வரும்?" "ஈ." "எஸ்தரக்கா, மிஷின ரிப்பேர் பாக்க ஆள் வருவானா?" "ஈ." என்னிடமே ஒரு நாள் ஒருத்தி, "ஒங்களுக்குக் கல்யாணம் எப்பக்கா?" என்று கேட்டுவிட்டாள். நானும் ஈ என்றேன். வேறென்ன சொல்ல?

ஆனால் திருப்பூர் பேச்சு வந்தால் மட்டும் யாரும் ஈ சொல்வதில்லை. அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

தேர்வு நாளில் நானே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். மணியடித்துக் கூட்டம் வெளியே வந்தது. குடையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"மூணு ஈக்கா!"

"என்னட்டி ஒளருத?"

"மூணு கேள்வி சத்தியமாத் தெரியல. மணியடிக்கப் போவுது. ஈன்னு போட்டுட்டேன். போட்டதும் நெஞ்சு எம்புட்டு லேசாயிட்டு தெரியுமா? தெரியலன்னு சொல்லுததுக்குப் போயா இத்தன வருசம் பயந்தேன்?"

முடிவு வர எத்தனை மாதம் ஆகும் என்று விண்ணப்பம் போட்டவர்களுக்குத் தெரியும். அதுவரை கொம்பையாவின் அண்ணன் வாரம் தவறாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நாள் முடிவு வந்தது. இந்தத் தடவை திரையைத் திருப்பிக் காட்டினேன். எண் இருந்தது. ஆனால் தரவரிசை வாலில் இருந்தது. சான்றிதழ்களை ஸ்கேன் பண்ணி ஏற்றினோம். கலந்தாய்வுக்கு அழைப்பும் வந்தது. அதை வைத்துக்கொண்டு குதிக்க முடியாது. இருக்கிற இடத்தைவிட அதிகம் பேரைக் கூப்பிடுவார்கள். முன்னால் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக இடத்தை எடுத்துக்கொண்டே வர, மிச்சம் இருந்தால் கடைசியில் நிற்கிறவருக்கு. இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

ஒவ்வொரு நாள் கலந்தாய்வு முடிந்ததும் மிச்ச இடங்களின் கணக்கை இணையத்தில் போடுவார்கள். ஊரிலிருந்தபடி நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தோம். அவளுடைய பிரிவில் இடங்கள் கரைந்துகொண்டே வந்தன. சக்தியின் முறை கடைசி நாளில். மகளை என்னிடம் விட்டுவிட்டு, போனையும் குழந்தையிடமே கொடுத்துவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினாள். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கொம்பையாவும் வண்டியை நிறுத்திவிட்டுக் கூடப் போனார்.

அன்றைக்குக் கடையில் ஒரு ஈ காக்கா இல்லை, எங்கள் கூட்டம் மட்டும்தான். ஜெபசிங் ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தான். பொழுது சாயும் நேரத்தில் கடைசிக் கணக்கு வந்தது. அவள் பிரிவில் மிச்சம் ஒன்றுமில்லை.

"ஒண்ணுமில்லன்னா என்னக்கா அர்த்தம்? இவ எடுத்ததுனால முடிஞ்சிட்டா? இவளுக்கு முன்னாடியே முடிஞ்சிட்டா?" என்றான் ஜெபசிங்.

அவனே பதிலும் சொல்லிக்கொண்டான்: "ஈ."

கொம்பையாவுக்குப் போன் போட்டேன். அணைந்துகிடந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அணைந்துகிடந்தது. நல்ல சேதி என்றால் இந்நேரம் கூப்பிட்டிருக்க மாட்டார்களா? கர்த்தரே, அந்தப் பிள்ளைக்கு இந்த ஒன்றை மட்டும் கொடுத்துவிடும், வேறெதையும் நான் கேட்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கென்று நான் இப்படி வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் நெல்லை எக்ஸ்பிரஸ் வரும் நேரத்துக்கே கடையைத் திறந்துவிட்டேன். ஜெபசிங்கும் வந்துவிட்டான். ஷேர் ஆட்டோ சந்து முனையில் நின்றது. சக்தி இறங்கினாள். பின்னாலேயே கொம்பையா. அவர் கையில் அல்வாப் பொட்டலம்.

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டான். ஜங்ஷனில் இறங்கினதும் முதல் வேலையாக அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதுவும் அவர் கையாலேயே.

"சவத்த விடுட்டி" என்றேன். "நீ உள்ள வா மொதல்ல. காப்பி குடி."

"கவர்மெண்ட்டு இந்தத் தடவையும் அல்வா குடுத்துட்டுக்கா" என்றாள் சக்தி. சொல்லும்போதே அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்கும்போது அவளுக்கு அப்படித்தான் கோணும். பைக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "வேலையும் குடுத்துட்டு, அல்வாவும் குடுத்துட்டு. படிச்சிப் பாருங்க."

படித்தேன். இளநிலை உதவியாளர். பணியிடம், திருப்பூர் மாவட்டம்.

இரண்டாவது தடவை படித்தேன். ஜெபசிங் எட்டிப் பார்த்துவிட்டு ஐயோ என்று தலையில் கைவைத்துச் சிரித்தான். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன், சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சந்தோஷம் அடங்கியதும் எனக்குக் கோபம் வந்தது.

"ஏட்டி, வேற எடமே மிஞ்சலியா?"

"மிஞ்சுச்சு. ராமநாதபுரம் இருந்துச்சு. அத எனக்குப் பொறவு வந்தவ எடுத்துட்டா."

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? ராமநாதபுரம்னா வாரத்துக்கொருக்க வந்துட்டுப் போவலாம்லா! இம்புட்டு வருசம் எந்த ஊருக்குப் போவமாட்டேன்னு முட்டி மோதிப் படிச்சியோ, அதையேவா எடுத்துட்டு வந்து நிக்க?"

"நான் ஊருக்குப் பயந்தாப் படிச்சேன்?" என்றாள் சக்தி. சிரிப்பு போய்விட்டது. "ஸ்கிரீன்ல ரெண்டே ரெண்டு ஊர்ப் பேருதாங்க்கா இருந்துச்சு. செத்த நேரத்துல சொல்லணும். இவியளக் கேக்கலாம்னா வெளிய நிக்காவ. எனக்காண்டி இத்தன வருசமா அண்ணன்கிட்டப் பொய் சொல்லிப் பொய் சொல்லி ஒரு ஊரத் தள்ளிப் போட்ட மனுசன். அண்ணன் இருக்காவ, வண்டி ஓட்ட வேலையும் கெடைக்கும். அதான் தொட்டுட்டேன்."

கொம்பையா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போனையாவது போட்டிருக்கலாம்லா? நாங்க இங்க செத்துப் பொழைச்சோம்" என்றேன் அவரிடம்.

"எங்கண்ணன் மூச்சு விடாம அடிச்சிக்கிட்டே இருந்தான். 'அவளுக்குக் கெடைக்காதுலே, வீடு பாத்து வச்சிருக்கேன்'னு. கோவத்துல அணச்சிப் போட்டேன். இவ தாளோட வெளிய வந்ததும் கையுங் காலும் ஓடல, ரயிலப் புடிக்க ஓடுனோம், ஞாவகமே இல்ல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நான் கூப்பிட்டப்ப வரமாட்டேன்னாக்கா. கவர்மெண்ட்டு கூப்பிட்டதும் ஓடுதா பாத்தியளா?" என்றார். சிரிக்கத்தான் நினைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்து அவரே பிரித்தார். எல்லோருக்கும் முந்தி, பெரிய துண்டாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சக்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாக மென்று, விழுங்கி, இன்னொரு துண்டும் எடுத்தார். அதற்கப்புறந்தான் நாங்கள் கையை நீட்டினோம்.

இரண்டு பேரும் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், "அக்கா, தேர்வுத் தளத்துல என் பேர்ல இருக்குத விவரத்தையெல்லாம் ஒரு பிரிண்ட் போட்டுத் தாங்க. சேரும்போது கேட்டாலும் கேப்பாவ" என்றாள் சக்தி. தளத்தைத் திறந்து விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினேன். கண்ணை மூடினாள். விரல் தட்டியது. திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள், "பாஸ்வேர்டு மறந்துட்டு."

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வாய் நிறைய அல்வா இருந்தது.